கேள்விக்கு வந்தது பதில்தானா? ஆங்கிலத்தில் மழுப்பலைக் குறிக்கும் சொற்கள்: ஓர் எளிய விளக்கம்

தோட்டத்து வீடு, குடிநீர், கோயில் நிலம், பள்ளிக்கூட இடம் ஆகியவற்றைப் பற்றி நிர்வாகங்களோடும் அலுவலகங்களோடும் மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்து மக்கள் நடத்தும் பேச்சுவார்த்தைகளில், மலாயோடு ஆங்கிலமும் கலந்தே வருகிறது. கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் பெரியவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "நேராகப் பதில் சொல்லவில்லை, மழுப்பிவிட்டார்கள்." அதே வீட்டில் படிவம் ஐந்து படிக்கும் பிள்ளையின் சொற்பட்டியலில் இவேசிவ், ஈக்விவோகேட், பிரிவேரிகேட், ஹெட்ஜ், ஸ்டோன்வால் என்று ஆங்கிலச் சொற்கள் வரிசையாக நிற்கும், அத்தனைக்கும் எதிரே 'மழுப்புதல்' என்ற ஒரே பொருள் எழுதப்பட்டிருக்கும்.

குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. மழுப்புவதும் பொய் சொல்வதும் ஒன்று என்று சிலர் நினைக்கிறார்கள். தெளிவில்லாத பேச்செல்லாம் மழுப்பல் என்று வேறு சிலர் முடிவு செய்துவிடுகிறார்கள். பணிவாகவும் எச்சரிக்கையாகவும் பேசுகிறவரையும் அதே பட்டியலில் சேர்த்துவிடுவது மூன்றாவது தவறு. ஆங்கிலம் இவற்றைத் தனித்தனிச் சொற்களால் பிரித்து வைத்திருக்கிறது. அந்தப் பிரிவு விளங்கிவிட்டால், நமக்கு வந்த பதிலில் எது குறைகிறது என்பதை நம்மாலேயே சுட்டிக்காட்ட முடியும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கேள்வி என்னும் கடன்

ஒருவர் நம்மிடம் கேள்வி கேட்கும்போது, அவருக்கு நாம் ஒன்று தர வேண்டியவர்கள் ஆகிறோம். அதைக் கடனாக நினைத்துக்கொண்டால் பல சொற்கள் தாமாகவே இடம் பிடித்துக்கொள்ளும். கடன்பட்டவர் முழுத் தொகையையும் கொடுக்கலாம், அது நேர்ப்பதில். "தர மாட்டேன்" என்று முகத்துக்கு நேரே சொல்லலாம். அது மறுப்பு, மழுப்பல் அன்று. கள்ள நோட்டைக் கொடுக்கலாம், அது பொய். இவை மூன்றும் இல்லாமல், கடனை அடைத்துவிட்டதுபோல் காட்டிக்கொள்ளும் வழிகள் இருக்கின்றன. கெடு கேட்டுக்கொண்டே இருக்கலாம். பாதியைக் கொடுத்துவிட்டு முழுவதும் கொடுத்ததுபோல் பேசலாம். கேட்ட பணத்துக்குப் பதில் வேறு ஒரு பொருளைக் கையில் திணிக்கலாம். எவ்வளவு தொகை என்று படிக்க முடியாதபடி ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கலாம். இந்த நான்கு வழிகளுக்கும் பொதுவான பெயர்தான் இவேசிவ்: கேள்வி திறந்து வைத்த இடத்தை நிரப்பாமல், நிரப்பிவிட்டதுபோல் தோன்றச் செய்யும் பேச்சு.

இந்த விளக்கத்தில் 'தோன்றச் செய்யும்' என்பதே உயிரான பகுதி. "இதைப் பற்றி நான் பேச விரும்பவில்லை" என்பவர் கடன் நிலுவையில் இருப்பதை ஒப்புக்கொள்கிறார். மழுப்புகிறவர் அதை மறைக்கிறார்.

நம்மை ஏன் ஏமாற்ற முடிகிறது?

மழுப்பல் வேலை செய்வதற்குக் காரணம் கேட்பவரின் அறியாமை அன்று, அவருடைய நல்லெண்ணம். இதை விளக்கிய மெய்யியலாளர் பால் கிரைஸ். 1967-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரைகளில் அவர் முன்வைத்து, 1975-இல் அச்சான கருத்து இது: உரையாடும் இருவரும், மற்றவர் தம்மோடு ஒத்துழைக்கிறார் என்று நம்பியே பேசுகிறார்கள். தேவையான அளவு சொல்வார், உண்மை என்று தாம் நம்புவதைச் சொல்வார், கேட்டதற்குத் தொடர்பாகச் சொல்வார், தெளிவான முறையில் சொல்வார் என்று நான்கையும் நாம் எதிர்பார்க்கிறோம். இந்த எதிர்பார்ப்புக்கு ஒத்துழைப்புக் கோட்பாடு என்று பெயர். எதிர்பார்ப்பு இருப்பதால், பதிலில் ஓர் ஓட்டை இருந்தாலும் அதை நாமே நிரப்பிக்கொள்கிறோம். "கூரையை எப்போது மாற்றுவீர்கள்?" என்று கேட்டதற்கு, "குத்தகைக்காரரிடம் பேசியிருக்கிறோம்" என்று பதில் வந்தால், வேலை விரைவில் தொடங்கும் என்று நாம் பொருள் எடுத்துக்கொள்கிறோம். அவர் அப்படிச் சொல்லவே இல்லை. சொல்லாத பாதியைக் கட்டி முடித்தது நம் மனம்.

தமிழ் இலக்கணம் இதை மிகப் பழங்காலத்திலேயே கவனித்திருக்கிறது. "செப்பும் வினாவும் வழாஅல் ஓம்பல்" என்கிறது தொல்காப்பியத்தின் கிளவியாக்கம். விடையும் வினாவும் வழுவாமல் காக்க வேண்டும் என்பது பொருள். அதே சமயம், நேரடியாக இல்லாத பதிலெல்லாம் தவறு என்று நம் இலக்கணம் சொல்லவில்லை. நன்னூல் விடையை எட்டு வகையாகப் பிரிக்கிறது. சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் வெளிப்படையான விடைகள். ஏவல், வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி ஆகிய ஐந்தும் குறிப்பால் பொருள் தருபவை. "விளையாட வருகிறாயா?" என்ற கேள்விக்குக் "கால் வலிக்கிறது" என்று ஒருவன் சொன்னால் அது உற்றது உரைத்தல். வரவில்லை என்ற பொருள் கேட்டவனுக்கு ஐயமில்லாமல் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஆகவே அது மறைமுகமான பதில், மழுப்பல் ஆகாது. படிவம் ஐந்தின் முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வுக்குத் தமிழ் படிக்கும் பிள்ளைகள் இந்த எட்டையும் ஆங்கிலப் பாடத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் மிகுந்த பயன் பெறுவார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: பதில் வளைந்து வருகிறதா என்பது கேள்வி அன்று, கேட்டவருக்கு வேண்டிய பொருள் வந்து சேர்ந்ததா என்பதே கேள்வி. சேராமலே சேர்ந்ததுபோல் காட்டினால் அது மழுப்பல்.

வேறு பொருளைக் கையில் திணிப்பது

நான்கு வழிகளில் மிக நுட்பமானதும், நம் கூட்டங்களில் எளிதில் கண்ணுக்குத் தப்புவதும் இதுதான். ஆங்கிலத்தில் இதற்குச் சைட்ஸ்டெப், டாட்ஜ், டக் என்ற சொற்கள் உண்டு. மூன்றுமே தம்மை நோக்கி வரும் ஒன்றிலிருந்து உடலை விலக்கிக்கொள்வதைக் குறிப்பவை. சைட்ஸ்டெப் என்பது பக்கவாட்டில் ஓர் அடி எடுத்து வைப்பது. டாட்ஜ், சட்டென்று ஒதுங்குவது. டக், தலையைக் குனிந்து தப்புவது.

இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு 1997-ஆம் ஆண்டு மே 13-இல் பிபிசி தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ஒரு நேர்காணல். பிரிட்டனின் முன்னாள் உள்துறை அமைச்சர் மைக்கேல் ஹவர்டிடம், சிறைத்துறைத் தலைவராக இருந்த டெரெக் லூயிஸ் தொடர்பாக நேர்காணல் நடத்திய ஜெரமி பாக்ஸ்மன் ஒரு கேள்வி கேட்டார்: அவருடைய முடிவை மீறிச் செயல்படுவேன் என்று நீங்கள் மிரட்டினீர்களா? ஹவர்டு, தாம் லூயிஸுக்கு உத்தரவிடவில்லை என்றும், உத்தரவிட தமக்கு உரிமை இல்லை என்றும், அவருடைய முடிவைத் தாம் மீறவில்லை என்றும் பதில் சொன்னார். பாக்ஸ்மன் அதே கேள்வியைத் திரும்பத் திரும்ப, ஏறக்குறைய 12 முறை கேட்டார்.

அந்தப் பதில்களை நிறுத்தி வைத்துப் பார்க்க வேண்டும். அவற்றில் பொய் இருக்கிறது என்று சொல்ல நமக்கு எந்த ஆதாரமும் தேவையில்லை, ஏனெனில் குறை அங்கே இல்லை. கேள்வியின் வினைச்சொல் 'மிரட்டினீர்களா'. பதிலின் வினைச்சொற்கள் 'உத்தரவிடவில்லை', 'மீறவில்லை'. ஒருவர் உத்தரவிடாமலும் மீறாமலும் மிரட்டியிருக்கலாம், மிரட்டாமலும் இருந்திருக்கலாம். கேட்டது ஒரு வினை, கொடுக்கப்பட்டது இன்னொரு வினை. பாக்ஸ்மன் குரலை உயர்த்தியதால் அது புகழ்பெறவில்லை. வினைச்சொல்லை ஒருமுறைகூட மாற்றாமல் கேட்டதால்தான் இடைவெளி எல்லாருக்கும் தெரிந்தது.

இதே குடும்பத்தில் ரெட் ஹெர்ரிங் என்ற மரபுத்தொடரும் உண்டு. ஹெர்ரிங் ஒரு கடல்மீன். உப்பிட்டுப் புகையில் வைத்தால் செந்நிறமாகிக் கடுமையாக மணக்கும். வேட்டை நாய்களைத் தடம் மாற்ற அதைப் பயன்படுத்தினார்கள் என்று பலரும் எழுதுகிறார்கள். ஆனால் இப்பொருள் பரவியதற்கு முக்கியக் காரணம், ஆங்கிலேய எழுத்தாளர் வில்லியம் காபெட் 1807-இல் எழுதிய ஒரு கதை. சிறுவயதில் முயலின் தடத்திலிருந்து நாய்களைத் திருப்ப அந்த மீனை இழுத்துச் சென்றதாக அதில் சொல்லி, பொய்ச் செய்தியின் பின்னால் ஓடிய பத்திரிகைகளை அவர் கண்டித்தார். இன்று இத்தொடர், பேச்சை வேறு திசைக்கு இழுக்கும் செய்தியைக் குறிக்கிறது. கூரையைப் பற்றிக் கேட்டால் சென்ற ஆண்டுத் தீபாவளிக்குக் கொடுத்த அன்பளிப்பைப் பற்றிப் பேசுவது ரெட் ஹெர்ரிங்.

படிக்க முடியாத சீட்டு

ஈக்விவோகேட் என்பது, இரண்டு பொருள்பட ஒன்றைச் சொல்லி, கேட்பவர் ஒன்றை நம்பும்படி விட்டுவிடுவது. லத்தீனில் 'சமம்', 'குரல்' என்னும் இரு சொற்களிலிருந்து பிறந்தது. இதைச் சிலேடை என்று எண்ணிவிடக் கூடாது. காளமேகப் புலவரின் சிலேடையில் இரண்டு பொருளும் வெளிப்பட வேண்டும். இல்லையென்றால் சுவையே இல்லை. ஈக்விவோகேட் செய்பவருக்கோ ஒரு பொருள் ஒளிந்தே இருக்க வேண்டும்.

வீசல் வேர்ட்ஸ் என்பது இன்னும் பயனுள்ள தொடர். வீசல், கீரியை ஒத்த ஒரு சிறு விலங்கு. முட்டையின் ஓடு சிதையாமல் உள்ளிருப்பதை அது உறிஞ்சிவிடும் என்ற நம்பிக்கையிலிருந்து தொடர் பிறந்தது. 1900-இல் அமெரிக்க எழுத்தாளர் ஸ்டூவர்ட் சாப்ளினின் ஒரு கதையில் இது அச்சில் வந்தது. 1916-இல் முன்னாள் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஒரு சொற்பொழிவில் எடுத்தாண்டு பரப்பினார். பக்கத்தில் உள்ள சொல்லின் பொருளை உறிஞ்சிவிட்டு வெறும் ஓடு மட்டும் மிஞ்சும்படி விட்டுவைக்கும் சொல் என்பது இதன் பொருள். 'உரிய', 'இயன்றவரை', 'காலக்கிரமத்தில்', 'தேவைப்படின்' போன்றவை அத்தகையவை.

இதைக் கிட்டத்தில் பார்ப்போம். "எங்கள் லயத்து வீடுகளின் கூரைகளை எந்த மாதம் மாற்றுவீர்கள்?" என்று தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் வாழும் தொழிலாளர்கள் எழுதியதாக வைத்துக்கொள்வோம். மறுமொழிக் கடிதத்தை விளக்கத்துக்காக நான் அமைத்திருக்கிறேன். ஆனால் அதன் ஒவ்வொரு வாக்கியமும் அலுவலக ஆங்கிலத்தில் அன்றாடம் புழங்குவது.

முதல் வாக்கியம்: "யுவர் கன்சர்ன்ஸ் ஹேவ் பீன் நோட்டட்." உங்கள் கவலைகள் குறித்துக்கொள்ளப்பட்டன. யார் குறித்துக்கொண்டார் என்பதில்லை. இது செயப்பாட்டு வினை. செய்தவரைச் சொல்லாமலே வாக்கியத்தை முடிக்க உதவும் இலக்கண வடிவம். அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரேகன் 1987 ஜனவரியில் நாடாளுமன்ற உரையில், ஈரான் விவகாரம் குறித்து "கடுமையான தவறுகள் நிகழ்த்தப்பட்டன" என்ற பொருளில் பேசியதும் இதே வடிவத்தில்தான். இந்த வடிவமே குற்றம் என்று சொல்லிவிடவும் கூடாது. செய்தவர் யார் என்பது முக்கியமில்லாத இடத்தில் அது இயல்பானது.

இரண்டாம் வாக்கியம்: "தி மேனேஜ்மென்ட் இஸ் கமிட்டட் டு தி வெல்ஃபேர் ஆஃப் ஆல் வொர்க்கர்ஸ்." தொழிலாளர் எல்லாருடைய நலனிலும் நிர்வாகம் பற்றுறுதி கொண்டுள்ளது. கேட்டது கூரையைப் பற்றி. வந்தது நலனைப் பற்றி. மேலே பார்த்த சைட்ஸ்டெப் இது.

மூன்றாம் வாக்கியம்: "அப்ராப்ரியேட் ஆக்‌ஷன் வில் பி டேக்கன் இன் டியூ கோர்ஸ், வேர் ஃபீசிபிள்." உரிய நடவடிக்கை, இயலும் இடங்களில், காலக்கிரமத்தில் எடுக்கப்படும். மூன்று வீசல் சொற்கள் ஒரே வரியில் நிற்கின்றன. 'உரிய' என்பது என்ன நடவடிக்கை என்பதையும், 'இயலும் இடங்களில்' என்பது எத்தனை வீடு என்பதையும், 'காலக்கிரமத்தில்' என்பது எந்த மாதம் என்பதையும் உறிஞ்சிவிட்டன. ஐந்தாண்டு கழித்து ஒரே ஒரு வீட்டின் ஒரு தகரத்தை மாற்றினாலும் இந்த வாக்கியம் பொய்யாகாது. எத்தனை குடும்பங்கள் இப்படிப்பட்ட வரியை நம்பிக் காத்திருக்கின்றன என்பதை எண்ணும்போது, இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று என்பது புரியும்.

பாதித் தொகையும் கெடுவும்

உண்மையின் ஒரு பகுதியை மட்டும் சொல்லித் தவறான எண்ணத்தை உண்டாக்குவதற்கு ஆங்கிலத்தில் "எக்கனாமிகல் வித் தி ட்ரூத்" என்ற தொடர் இருக்கிறது. உண்மையைச் சிக்கனமாகச் செலவிடுவது என்று பொருள். பிரிட்டிஷ் அரசியல் சிந்தனையாளர் எட்மண்ட் பர்க் 1796-இலேயே இதற்கு நெருக்கமான ஒரு தொடரைப் பயன்படுத்தியிருக்கிறார். உலகம் முழுக்கப் பரவியது 1986-இல், ஆஸ்திரேலியாவின் சிட்னி நீதிமன்றத்தில். ஓய்வுபெற்ற உளவுத்துறை அதிகாரி ஒருவரின் நினைவுக்குறிப்பு வெளிவருவதைத் தடுக்க பிரிட்டிஷ் அரசு தொடுத்த வழக்கில், அமைச்சரவைச் செயலாளர் ராபர்ட் ஆம்ஸ்ட்ராங் சாட்சி சொன்னார். பின்னாளில் ஆஸ்திரேலியப் பிரதமரான மால்கம் டர்ன்புல் அவரைக் குறுக்கு விசாரணை செய்தார். ஒரு கடிதம் தவறான எண்ணம் தந்ததைப் பற்றிக் கேட்டபோது, பொய்க்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்க முயன்ற ஆம்ஸ்ட்ராங் இத்தொடரைச் சொன்னார்.

கெடு கேட்டு இழுத்தடிப்பதற்கு ஸ்டால், பிளே ஃபார் டைம் என்பார்கள். ஸ்டோன்வால் என்பது அதைவிடக் கடுமையானது: கிரிக்கெட்டில் ஓட்டம் எடுக்க முயலாமல் பந்தைத் தடுத்துக்கொண்டே இருப்பதுபோல், எந்தக் கேள்விக்கும் இடம் கொடாமல் நிற்பது. பீட் அபவுட் தி புஷ் என்பதற்கு நம்மிடம் 'சுற்றி வளைத்துப் பேசுதல்' இருக்கிறது. பறவை வேட்டையில் புதரைச் சுற்றி அடித்துப் பறவையைக் கிளப்பும் வழக்கத்திலிருந்து அது வந்தது. வாஃபிள் என்பதில் மட்டும் ஓர் எச்சரிக்கை தேவை. நாம் படிக்கும் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அது வளவளவென்று பேசுவது. அமெரிக்க ஆங்கிலத்தில் ஒரு முடிவுக்கு வராமல் ஊசலாடுவது. நம் ஊரில் மதில்மேல் பூனை என்போமே, அந்த நிலைக்கு சிட் ஆன் தி ஃபென்ஸ் பொருந்தும்.

பிரிவேரிகேட் என்ற சொல்லைப் பிள்ளைகள் மட்டுமல்லாமல் ஆங்கிலம் நன்கறிந்தவர்களும் தவறாக ஆள்கிறார்கள். அது உண்மையிலிருந்து விலகி வளைத்துப் பேசுவது; பொய்யின் எல்லையைத் தொடுவதால் கடுமையான குற்றச்சாட்டும்கூட. மலாயில் 'பெர்டோலாக் டாலிக்' என்பதற்கு அது நெருக்கம். வேலையைத் தள்ளிப்போடுவதற்கு உரியது புரொக்ராஸ்டினேட். ஒலி ஒத்திருப்பதால் முதலாவதை இரண்டாவதன் இடத்தில் வைத்துவிடுகிறார்கள். காலம் தாழ்த்திய ஓர் அலுவலரைப் பற்றிய புகார்க் கடிதத்தில் அப்படி எழுதினால், அவர் பொய்யர் என்று எழுதியதாகிவிடும்.

மறுபடியும் சுருக்கமாக: வினையை மாற்றினால் சைட்ஸ்டெப், பொருளை இரட்டையாக்கினால் ஈக்விவோகேட், பொருளை உறிஞ்சினால் வீசல் வேர்ட்ஸ், பகுதியை மறைத்தால் எக்கனாமிகல் வித் தி ட்ரூத், நேரத்தை இழுத்தால் ஸ்டால்.

எச்சரிக்கையாகப் பேசுவது மழுப்பலா?

ஹெட்ஜ் என்பதைப் பட்டியலிலிருந்து பிரித்தே பேச வேண்டும். வேலி என்ற பொருள் கொண்ட இச்சொல்லை, 1972-இல் அமெரிக்க மொழியியலாளர் ஜார்ஜ் லேக்காஃப் மொழியியலில் ஒரு கலைச்சொல் ஆக்கினார். ஒரு கூற்றின் உறுதியைக் கூட்டியோ குறைத்தோ காட்டும் சொற்கள் அவை: 'ஒருவேளை', 'பெரும்பாலும்', 'ஏறத்தாழ'. "பரிசோதனை முடிவு வரும்வரை உறுதியாகச் சொல்ல முடியாது, டெங்கியாக இருக்கலாம்" என்று மருத்துவர் சொன்னால் அவர் மழுப்பவில்லை. தமக்கு எவ்வளவு தெரியுமோ அந்த அளவை நேர்மையாகக் காட்டுகிறார். தெரிந்ததை மறைக்க வேலி போட்டால்தான் அது மழுப்பல். தெரியாததைத் தெரிந்ததுபோல் அடித்துச் சொல்பவரைவிட, "இருக்கலாம்" என்பவரை நாம் அதிகம் மதிக்க வேண்டும்.

வேக், ஆம்பிகுவஸ் என்பவையும் பேசுபவரின் நோக்கத்தைச் சொல்வதில்லை. வேக் என்றால் எல்லை தெளிவில்லாதது. ஆம்பிகுவஸ் என்றால் இரண்டாகப் பொருள் கொள்ளத்தக்கது. அவசரத்தில் எழுதிய கடிதமும் அப்படி ஆகிவிடலாம். பணிவும் அவ்வாறே. கல்யாணத்துக்கு அழைத்தவரிடம் "பார்க்கலாம் அண்ணே" என்றால், வர இயலாது என்பதை மனம் நோகாமல் சொல்வதாக இரு தரப்பும் அறியும். அதே "பார்க்கலாம்" நிர்வாகத்தின் வாயிலிருந்து, பொருள் இன்னதென்று உடன்பாடு இல்லாத இடத்தில், வீட்டைப் பற்றிய கேள்விக்கு வரும்போது கதை வேறு.

கேள்வியைத் திரும்ப வைப்பது எப்படி?

எதிரில் இருப்பவரை "யூ ஆர் பீயிங் இவேசிவ்" என்று சொல்வது அவருடைய நோக்கத்தைக் குற்றம் சாட்டுவதாகும். பேச்சு அங்கேயே முறியும். நிரம்பாத இடத்தைச் சுட்டுவது எளிது, அதற்கு மறுப்பும் கிடையாது. "மே ஐ கம் பேக் டு தி குவெஸ்சன்? விச் மன்த், அண்ட் ஹவ் மெனி ஹவுசஸ்?" எந்த மாதம், எத்தனை வீடு என்று இரண்டே இடங்களை மட்டும் திறந்து வைக்க வேண்டும். நாமும் கேள்வியை அகலமாகக் கேட்கக் கூடாது: "எங்களுக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?" என்பதற்கு நலனைப் பற்றிய சொற்பொழிவு ஒரு செல்லுபடியாகும் விடைதான்.

பதில் தர இயலாத நிலை நிர்வாகத்துக்கும் உண்மையாகவே வரும். "வி கேனாட் கிவ் எ டேட் யெட், தி பட்ஜெட் வில் பி டிசைடெட் இன் மார்ச்" என்று தோட்டத்து எழுத்தரான கிராணி எழுதினால், அதாவது பணம் மார்ச்சில்தான் ஒதுக்கப்படும், அதற்குமுன் நாள் சொல்ல முடியாது என்றால், கூரை மாறவில்லை என்றாலும் அது நேர்மையான கடிதம். அதைக் கூட்டக் குறிப்பில் அப்படியே பதிந்துகொண்டு, ஏப்ரல் மாதம் அதே வினைச்சொல்லோடு கேள்வியை மறுபடி அனுப்பலாம்.